திரும்பி வரும் டிக்கெட்

தை மாதக் கடைசியில் தஞ்சை ஜில்லாவில் பிரயாணம் செய்வதைப் போன்ற இன்பம் வேறில்லை என்பது நமது அபிப்பிராயம். பாபநாசத்தைத் தாண்டினால் சாலையின் இருபுறமும் சம்பா அறுவடை. ஒரு வயலில் கதிர் தலை சாய்த்து நிற்கிறது. அடுத்த வயலில் அறுவடை இயந்திரம் உறுமுகிறது. அதற்கடுத்த வயலில் மாடுகளின் பின்னால் கொக்குகள் ஊர்வலம் போகின்றன. தார்ச் சாலையில் பாதியை நெல் காயப் போட்டு அடைத்திருக்கிறார்கள். நமது மோட்டார் ஓட்டிக்குக் கோபம். நமக்கோ நெல் மணத்தில் கோபமே வரவில்லை.

ஆனால் நாம் இந்தப் பக்கம் வந்தது வயல் பார்ப்பதற்கு அல்ல. குடமுருட்டிக் கரையில் நமது சிநேகிதர் வீட்டுக்கு அடுத்த வீட்டு அம்மாள் சிங்கப்பூர் போகவேண்டியிருந்தது. மூத்த பெண்ணுக்குப் பங்குனியில் பிரசவம். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் பாங்கியில் ஏறிவிட்டது. அதில் டிக்கெட்டுக்கு இவ்வளவுதான் என்று அம்மாள் ஒரு கோடு கிழித்திருந்தார்; மீதி குறுவை உழவுக்கும் விதைக்கும் வேண்டும்.

"ஏன் தம்பி, போக மட்டும் வாங்கினால் பாதிப் பணந்தானே? வரும்போது பார்த்துக்கொள்ளலாமே" என்றார்.

நியாயமான கேள்வி. கும்பகோணம் பஸ்ஸுக்கு அந்தக் கணக்கு சரி. ஆகாய விமானத்தில் கணக்கே வேறு. தூர தேசங்களுக்குப் பறக்கும் பெரிய கம்பெனிகளில் சில, போக மட்டும் டிக்கெட்டுக்குப் போய்வரும் டிக்கெட்டைவிட அதிகப் பணம் கேட்பதுண்டு! காரணம் இதுதான். அவசரமாகப் புறப்படும் வியாபாரி எந்த விலையும் கொடுப்பான். அவன் சனிக்கிழமைக்குள் வீடு திரும்பிவிடவும் விரும்புவான். மகளைப் பார்க்கப் போகிறவர்கள் விலை பார்ப்பார்கள். பல நாள் தங்குவார்கள். இந்த இரண்டு பேரையும் பிரித்தறியவே, சனிக்கிழமை இரவு வெளியூரில் தங்குகிறவர்களுக்குச் சலுகை என்று ஒரு விதி பல காலம் இருந்தது. ஆகவே, ஒரு வழி மட்டும் போகிறவன்கூடப் போய்வரும் டிக்கெட் வாங்கித் திரும்பும் பாதியை விட்டுவிடுவது லாபமாயிற்று. கம்பெனிகளுக்கு இது பிடிப்பதில்லை. சில கம்பெனிகள் வித்தியாசத் தொகையைக் கேட்க ஷரத்தும் எழுதி வைத்திருக்கின்றன.

பின் பாதியை விடலாம். முன் பாதியை விடக்கூடாது. இதை நாம் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டோம். சில வருஷங்களுக்கு முன் சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்வர டிக்கெட் வாங்கினோம். கடைசி நேரத்தில் மும்பையில் ஒரு வேலை முளைத்தது. அங்கிருந்தே வேறு டிக்கெட்டில் பறந்துவிட்டோம். திரும்பும் பாதி கையில் இருக்கிறதே என்ற தைரியம்! திரும்பும் தினத்தன்று கவுண்டரில் இருந்த பெண்மணி மிகுந்த மரியாதையுடன், "முதல் பாதியில் தாங்கள் ஏறவில்லை, ஆகையால் மற்றப் பாதி ரத்தாகிவிட்டது" என்றாள். அன்று நாம் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இந்த வழியில் பறப்பவை பெரும்பாலும் சிக்கனக் கம்பெனிகள். இவற்றில் போவதற்கு ஒரு விலை, வருவதற்கு ஒரு விலை. சேர்த்து வாங்கினாலும் பெரிய சலுகை கிடையாது. ஆகவே ஒரு கம்பெனியில் போய் மற்றொன்றில் வரலாம். திருச்சியில் ஏறிச் சென்னையில் இறங்கலாம். ஆனால் அம்மாளுக்குப் போக மட்டும் டிக்கெட் உதவாது. அந்நிய தேசத்துக்கு விருந்தாளியாகப் போகிறவரிடம் திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்பார்கள்.

எப்போது போவது என்பதில்தான் உண்மையான மிச்சம் இருக்கிறது. சிங்கப்பூரில் ஜூன் மாதமும், நவம்பர் பின்பாதி முதல் டிசம்பர் முடியவும் பள்ளிக்கூட விடுமுறை. அப்போது கட்டணம் ஏறும். பொங்கல், தீபாவளிக்கும் அப்படியே. காவிரிக் குடியானவருக்கோ சம்பா, தாளடி அறுவடை முடிந்து, ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் என்று காத்திருக்கும் இடைவெளிதான் ஓய்வு. பங்குனி மாதம் இரண்டுக்கும் பொருந்துகிறது. பிறக்கப்போகும் குழந்தைக்கு நம் ஜில்லாவின் வழக்கம் தெரிந்திருக்கிறது! நம்மிடம் பஞ்சாங்கம் வேறு இருக்கிறது. முகூர்த்தமும் பண்டிகையும் முன்கூட்டியே தெரிகின்றன. 2016-இல் நடந்த கும்பகோணம் மகாமகம் அடுத்து 2028-இல் வரும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். பெரிய கம்பெனிகள் பல, ஏறக்குறைய பதினொரு மாதம் முன்பே டிக்கெட் விற்கத் தொடங்குகின்றன. ஆனாலும் நம்மவர்கள் பத்திரிகை அச்சடித்த பிறகுதான் டிக்கெட்டை நினைக்கிறார்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இன்னொன்றும் கவனிக்கலாம். டிக்கெட் எந்த ஊரில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து விலை மாறும். பொங்கலுக்கு வந்தவன், திரும்பிப் போவதையும் ஆவணிக் கல்யாணத்துக்கு வருவதையும் சேர்த்துத் திருச்சியிலிருந்து தொடங்கும் போய்வரும் டிக்கெட்டாக விலை பார்க்க வேண்டும். எல்லாப் பகுதியிலும் வரிசைப்படி ஏறுவதால், நமக்கு நேர்ந்த கதி அவனுக்கு நேராது.

சிநேகிதர் ஒரு யுக்தி சொன்னார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். நின்றுபோய், 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள். அதில் போய்க் கொழும்பில் விமானம் ஏறினால் என்ன? கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும், விமானம் காத்திராது. தனித்தனி டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், அப்புறம் கொழும்புக்கு ரயில் என்று ஒரே டிக்கெட்டில் போன காலம் 1964 டிசம்பர் புயலோடு முடிந்தது. நாகையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆயிரமாயிரம் பேரை ஏற்றிச் சென்ற 'ரஜுலா'வும் இல்லை. அதன் பின் வந்த 'சிதம்பரம்' 1985-இல் தீக்கு இரையாயிற்று. அந்தத் தளங்களில் படுத்துப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்களோ!

கடைசியில், போவதற்கு மலிவான டிக்கெட்டும், வருவதற்குத் தேதி மாற்றக்கூடிய சற்று விலை கூடிய டிக்கெட்டும் வாங்கினோம். அம்மாள் கிழித்த கோட்டைக் கொஞ்சம் தாண்டியது. "பிள்ளை பிறக்கிற நாள் நம் கையிலா இருக்கிறது?" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிரசவ லேகியம், நார்த்தங்காய், வடாம் எல்லாவற்றையும் வீட்டுத் தராசில் நிறுத்து, மூட்டைக்கு வேண்டிய கட்டணத்தையும் முன்னதாகவே கட்டினோம். விமான நிலையத்தில் கட்டினால் அதிகம்.

குழந்தை, டாக்டர் சொன்ன தேதிக்கு எட்டு நாள் கழித்துப் பிறந்தது. தங்க அனுமதித்த நாட்களுக்குள் திரும்பும் தேதியை ஒரு முறை தள்ளி வைத்தார்கள். அம்மாளை அழைத்துவரத் திருச்சிக்கு நாமும் போயிருந்தோம். பேரனின் படங்களைத் துவாக்குடி வரை காட்டிக்கொண்டு வந்தார். செங்கிப்பட்டி தாண்டியதும் செல்போனைப் பையில் போட்டுவிட்டு, "மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது?" என்று கேட்டார்.