பூஜ்யத்துக்கு விழுந்த எண்

ஜூன் 2, திங்கள்

காலை பத்தரைக்குப் புது வெர்ஷன் ஏற்றினோம். அரை நிமிடம்கூட ஆகவில்லை, மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "என்னப்பா, இவ்வளவு நேரம் 48 ஆயிரம் ஆர்டர்னு ஓடிச்சு, இப்ப 6-னு காட்டுது?"

சுவரில் மாட்டிய திரையில் 6 என்றுதான் இருந்தது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் 7 ஆனது.

"ஆர்டர் எதுவும் போகல சார், டேட்டாபேஸ்ல பத்திரமா இருக்கு. ரீஸ்டார்ட் ஆனதால எண்ற கவுன்ட்டர் முதல்லருந்து ஆரம்பிச்சிருக்கு."

"ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் மறந்து போறதுக்குப் பேரு கண்காணிப்பா?"

பதில் சொல்ல வரவில்லை. தப்பு என்மேல்தான். கவுன்ட்டரின் எண்ணை அப்படியே திரையில் போட்டவன் நான்.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் வந்து பார்த்தால் எண் மறுபடியும் சின்னதாக இருக்கிறது. ராத்திரி யாரோ ரீஸ்டார்ட் செய்திருக்க வேண்டும். யார் என்று விசாரிக்காமல் நேராகக் கோடில் இறங்கினேன். நிமிடத்துக்கு ஒருமுறை கவுன்ட்டரை ஒரு ஃபைலில் எழுத வேண்டும். செயலி மறுபடி எழும்போது அந்த ஃபைலைப் படித்து, விட்ட இடத்திலிருந்து எண்ண வேண்டும். மொத்தம் 62 வரி. பக்கத்து இருக்கைத் தம்பி எட்டிப் பார்த்து, "அண்ணே, ப்ரொமீதியஸ் இதைத் தானே பார்த்துக்காதா?" என்றான். எங்கள் கண்காணிப்பு மென்பொருளைச் சொல்கிறான். "மேனேஜர் திரையைப் பார்க்கிறார், ப்ரொமீதியஸைப் பார்க்கலையே" என்றேன். சாயங்காலம் ஏற்றியாயிற்று.

ஜூன் 4, புதன்

எண் விழவில்லை. மேனேஜர் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்.

இரவு அம்மா போன். ஊரில் வீட்டுக்கு ஈபி மீட்டர் மாற்றியிருக்கிறார்கள். "புதுசுல 38-னுதான் நிக்குது. இதுக்கு முன்னாடி ஓடின யூனிட்டெல்லாம் என்னடா ஆவும்?" பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கைக் குறித்துக்கொண்டு போயிருப்பார்கள், இரண்டையும் சேர்த்துத்தான் பில் வரும் என்றேன். "பழைய நம்பரைப் புதுசுலயே சுத்தி வெச்சிருக்கலாமேம்மா" என்று சும்மா சீண்டினேன். "அதெப்படிடா? அப்புறம் மீட்டர் மாத்தினதே யாருக்கும் தெரியாதே."

ஜூன் 6, வெள்ளி

விடிகாலை 3:14. அலர்ட். வினாடிக்கு நூற்றுச் சொச்சம் ஆர்டர் வருகிறதாம். அந்த நேரத்தில் நிமிடத்துக்கு நாலு வந்தால் அதிகம். யாரோ தாக்குகிறார்கள் என்று நினைத்து, லாகைத் திறக்கும்போது கை நடுங்கியது. லாகில் ஈ எறும்பு இல்லை. கிராஃபில் மட்டும் ஓர் ஊசிக் கோபுரம்.

காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ப்ரொமீதியஸ் 15 வினாடிக்கு ஒருமுறை வந்து எண்ணைக் குறித்துக்கொண்டு போகும். கடைசியாகக் குறித்தது 31,412. அடுத்த முறை வந்தபோது இருந்தது 31,409. என் ஃபைல் ஒரு நிமிடம் பழசு, மூன்று ஆர்டர் பின்தங்கியிருந்தது.

வெறும் மூன்று. ஆனால் கவுன்ட்டர் என்பது ஏறத்தான் செய்யும், இறங்காது. இறங்கினால் ப்ரொமீதியஸுக்கு ஒரே அர்த்தம்தான்: ப்ராசஸ் செத்துப் பிறந்திருக்கிறது, பூஜ்யத்திலிருந்து புதிதாக எண்ணியிருக்கிறது. ஆகவே 31,409-ஐயும் அந்தப் பதினைந்து வினாடிக்குள் வந்த புது ஆர்டராக எடுத்துக்கொண்டது. ஐந்து நிமிட ரேட் என்பதால் 300-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 105. கோபுரத்தின் உயரமும் கிட்டத்தட்ட அதேதான்.

நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் 31,412-க்குப் பிறகு 0 வந்திருக்கும். ப்ரொமீதியஸ் கூட்டியிருப்பதும் 0-தான். 2012-இல் சவுண்ட்கிளவுடில் ப்ரொமீதியஸை எழுத ஆரம்பித்தவர்கள் ரீஸ்டார்ட்டை எதிர்பார்த்தே கட்டியிருக்கிறார்கள். செயலி மறக்கலாம், குறித்துக்கொண்டு போகிறவன் மறக்கக் கூடாது. கடைசியாகக் குறித்ததற்கும் சாவுக்கும் நடுவில் வந்த ஓரிரு எண்ணிக்கை போகும், போகட்டும். காசுக் கணக்கு டேட்டாபேஸில் இருக்கிறது.

அம்மா சொன்னது நாலரை மணிக்குத்தான் உறைத்தது. மீட்டர் மாற்றியதே தெரியாது. அப்படியென்றால் என் மீட்டரை யார் மாற்றினார்கள்? அந்த நேரத்தில் ஆபீஸில் ஆளே கிடையாது.

ப்ராசஸ் தொடங்கிய நேரத்தைத் தனியாக ஒரு மெட்ரிக்காக எடுத்து வைத்திருக்கிறோம். இதுவரை யாரும் சீந்தியதில்லை. கிராஃப் போட்டேன். படிக்கட்டு மாதிரி வந்தது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, நாலு நாளும் விடிகாலை 3:10-ஐ ஒட்டி ஒரு படி. விழுந்தால் நாலைந்து வினாடியில் தானே எழும்படி வைத்திருப்பதால் வேறு எந்த அலர்ட்டும் அடிக்கவில்லை. செவ்வாய் விழுந்ததை நான் 'யாரோ' தலையில் கட்டினேன். புதனும் வியாழனும் அந்த ஒரு நிமிடத்தில் ஆர்டர் ஏதும் வராததால் ஃபைலும் கடைசிக் குறிப்பும் அச்சாக ஒத்துப்போயின. கோடு ஒரு நெளிவுகூட இல்லாமல் போயிருக்கிறது. இன்று மூன்று புண்ணியவான்கள் விடிகாலையில் ஆர்டர் போட்டிருக்காவிட்டால் இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்குமோ.

கர்னல் லாகில் காரணம் இருந்தது. மெமரி நிறைந்ததால் கர்னலே ப்ராசஸைக் கொன்றிருக்கிறது. மெமரியைத் தின்ற மூன்று மணி ரிப்போர்ட் வேலை திங்கட்கிழமை வெர்ஷனில்தான் சேர்ந்தது.

ஜூன் 7, சனி

62 வரியையும் நீக்கினேன். ப்ரொமீதியஸின் டேட்டா ஃபோல்டர் கன்டெய்னருக்கு வெளியே நிலையான டிஸ்கில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அது போனால்தான் உண்மையில் எல்லாம் போகும். சுவர்த் திரையில் கவுன்ட்டர் எண்ணுக்குப் பதில் 24 மணி நேர இன்கிரீஸ், அதாவது அந்த நேரத்தில் கூடிய எண்ணிக்கை. சர்வர் வாரியாக முதலில் இன்கிரீஸ், பிறகு கூட்டல். மாற்றிப் போட்டால் ஒரு சர்வர் விழும்போது மொத்தமே செத்துப் பிழைத்த மாதிரி அதற்குத் தெரியும், இன்னொரு கோபுரம் எழும்.

மேனேஜர் வீட்டிலிருந்து போன் செய்தார். "13,204.7-னு காட்டுதுப்பா. அந்த .7 ஆர்டர் யாரோடது?" முதல் குறிப்புக்கு முன்னும் கடைசிக் குறிப்புக்குப் பின்னும் 24 மணி நேர விளிம்புவரை நீட்டி மதிப்பிட்டுச் சொல்வதால் தசமம் வரும் என்று விளக்கினேன். முழு எண்ணாக ரவுண்டு பண்ணச் சொன்னார். பண்ணினேன். அதற்குக் கீழேயே இன்னொரு பெட்டி வைத்தேன்: கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை ரீஸ்டார்ட் என்று, சிவப்பில்.

"அது எதுக்கு அங்க? பார்க்கறவங்க பயப்படுவாங்களே" என்றார். ரிப்போர்ட் வேலையைத் திங்கட்கிழமை சரிசெய்யும்வரை இருக்கட்டும் சார் என்றேன்.