ஆற்று மணலில் நாலு முட்டை

கோடை விடுமுறை வந்தால் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோதான் போக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே! 2025 மே மாதத்தில், அக்கினி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தபோது, நாங்கள் மணலூர்பேட்டைக்குப் புறப்பட்டோம்.

"இந்த வெயிலில் அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு அம்மாள்.

"ஆறு இருக்கிறது" என்றேன்.

"ஆற்றிலே?"

"மணல் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மணலூர்பேட்டை தென்பெண்ணையின் தென்கரையில் இருக்கிறது. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, சாத்தனூர் அணையில் இளைப்பாறி, இந்த ஊரையும் திருக்கோவலூரையும் தொட்டுக்கொண்டு கடலூர் அருகே கடலில் கலக்கிற ஆறு அது. தை மாதம் ஐந்தாம் தேதி திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே இங்கே தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். அன்றைக்கு ஆற்றில் கால் வைக்க இடம் இருக்காது. மே மாதத்திலோ மணலும், ஆங்காங்கே குட்டை குட்டையாய்த் தேங்கிய தண்ணீரும், நாணலும்தான்.

எங்கள் பெரியப்பாவுக்கு அந்த ஊரில் கொஞ்சம் நிலம் உண்டு. வயது எழுபத்தைந்துக்கு மேல். விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிடுவார். என் அக்காள் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் கையில் செல்போன். செடியையோ பறவையையோ படம் பிடித்துக் காட்டினால் அது இன்னதென்று சொல்லிவிடும் வித்தை அதில் இருக்கிறது. ஆக, நான் இரண்டு பண்டிதர்களுக்கு நடுவில் நடந்தேன்.

அந்த நேரத்தில் ஆற்று நடுவில் நின்று பார்த்தால், வடக்கே அண்ணாமலை தெளிவாகத் தெரிகிறது. மேற்கே கல்வராயன் மலை, யாரோ நீல மையைத் தொட்டு இழுத்துவிட்ட மாதிரி இருக்கிறது. கரையோரக் கொன்றை ஒன்றில் இலையே தெரியவில்லை. அத்தனையும் பூ! சரம் சரமாய் மஞ்சள்.

கரையில் ஓர் இடத்தில் மண் சுவர்போல் செங்குத்தாக நின்றது. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்களே, அந்த வெள்ளம் அறுத்துப்போன கரை அது. பெரியப்பாவின் வேலியும் மோட்டார் கொட்டகையும் அதோடு போயின. அந்தச் சுவரில் வட்ட வட்டமாய் ஓட்டைகள்.

"எலி வளை" என்றேன் நான்.

"எலிக்குச் செவுத்துல ஏற என்னா வேலை?" என்று சிரித்தார் பெரியப்பா. "சும்மா நில்லு."

நின்றோம். பச்சைப் பசேல் என்று ஒரு குருவி, வாலில் ஊசி செருகினாற்போல, வாயில் ஒரு தட்டானைக் கவ்விக்கொண்டு வந்து, விர்ரென்று ஓட்டைக்குள் நுழைந்தது. பஞ்சுருட்டான்! அலகாலும் காலாலும் தோண்டித் தோண்டி மூன்றடி நான்கடி நீளத்துக்குக் கூடச் சுரங்கம் போடுகிற பறவை. உள்ளே முட்டை சுத்த வெள்ளை. இருட்டறையில் இருக்கும் முட்டைக்கு மாறுவேஷம் எதற்கு?

"நம்ம கொட்டாயைத் தூக்கிக்கிட்டுப் போன வெள்ளம் இதுங்களுக்கு வூடு கட்டிக் குடுத்திருக்குது" என்றார் பெரியப்பா. அவர் குரலில் வருத்தமா, வேடிக்கையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மாறுவேஷம் எப்படி இருக்கும் என்பது அடுத்த கால் மணியில் தெரிந்தது. கூழாங்கல் நிறைந்த ஒரு திட்டை நெருங்கினோம். திடீரென்று தலைக்கு மேலே ஒரே கூச்சல். கறுப்புத் தலை, கறுப்பு மார்பு, கண்ணருகே சிவப்புத் தோல், நீண்ட மஞ்சள் கால்; எங்கள் தலையைக் கொத்திவிடும்போல் பாய்ந்து பாய்ந்து போயிற்று.

பையன் போனை நீட்டினான். "ரெட் வாட்டில்டு லாப்விங்!" என்று உரக்கப் படித்தான்.

"அதாண்டா ஆக்காட்டி" என்றார் பெரியப்பா. "ஆள் வந்தா காட்டிக் குடுக்கும். காலை எடுத்து வைக்காத! எங்க நிக்கிறியோ அங்கயே நில்லு."

பையனின் செருப்புக்கு ஒரு சாண் தூரத்தில், மணலில் லேசான பள்ளம். அதில் நாலு முட்டைகள், கூர்முனைகளை உள்பக்கம் வைத்து. சாம்பலும் பழுப்பும் கலந்த புள்ளிகள். பக்கத்துக் கூழாங்கல்லுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. போனுக்குப் பறவை தெரிந்தது. முட்டை தெரியவில்லை.

விலகிப் போய் நாணல் மறைவில் உட்கார்ந்தோம். ஒரு பறவை குட்டையில் இறங்கி அடிவயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்ந்தது. நெருப்பாய்ச் சுடும் மணலில் அடைகாப்பதென்றால் சூடு கொடுப்பது மட்டும் இல்லை, குளிர்விப்பதுந்தான்! இதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆட்டு மந்தை அந்த வழியாகத்தான் குட்டைக்கு வரும் என்று கேட்டதும் பையனுக்குக் கவலை வந்துவிட்டது. சுற்றிலும் நாலு குச்சி நட்டு, துணி கட்டலாம் என்றான்.

"குச்சி நட்டா ஆடு மட்டுமா பார்க்கும்? காக்காயும் பார்க்கும், பசங்களும் பார்ப்பானுங்க" என்று மறுத்துவிட்டார் பெரியப்பா. பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கும் அவன் கட்சிதான் சரியென்று பட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை.

சற்றைக்கெல்லாம் மந்தை வந்தது, ஓர் ஆயாவின் பின்னால். ஆக்காட்டி கத்திற்று. ஆயா நின்று காது கொடுத்தாள். அவ்வளவுதான், "த்தா... த்தா..." என்று கோலை நீட்டி, மந்தை முழுவதையும் வளைத்து வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள். எங்களை அவள் பார்க்கக்கூட இல்லை.

இதே ஆற்றில் கீழே திருக்கோவலூரில், நீர் நடுவே ஒரு பாறை இருக்கிறது. கபிலர் குன்று என்பார்கள். நண்பன் பாரி மாண்ட பிறகு கபிலர் உயிர் துறந்த இடம் என்று ஐதிகம். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் பெயராய் அடுக்கிய மகானுபாவர். அவரும் யாரோ ஓர் ஆயாவின் பின்னால் நடந்துதான் அத்தனை பெயரையும் கற்றிருப்பாரோ என்று அன்று எனக்குத் தோன்றியது. பையன் மத்தியானமே ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுத ஆரம்பித்துவிட்டான்: ஒன்றில் போன் சொன்ன பெயர், மற்றொன்றில் தாத்தா சொன்ன பெயர். கரையெல்லாம் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலுக்கு மட்டும் தாத்தாவின் பத்தியில் அச்சில் ஏற்ற முடியாத வசவு ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட மரம் அது. பெரியப்பாவின் பூர்வீக வயலில் கால் பாகத்தை விழுங்கியிருக்கிறது.

நாலு நாள் தினமும் போனோம். தூர இருந்தே பார்த்தோம். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு இடியும் மின்னலுமாய்க் கோடை மழை கொட்டித் தீர்த்தது. பையன் தூங்கவே இல்லை.

விடிந்ததும் ஓடினோம். மணல் பள்ளம் காலி. முட்டையும் இல்லை, ஓடும் இல்லை. பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போது ஐம்பது அடி தள்ளி, நாணல் ஓரத்திலிருந்து எழும்பிற்று அந்தக் கூச்சல். ஒன்று அல்ல, இரண்டு பறவைகளும். முன்னைவிட ஆங்காரமாய்.

"குஞ்சு பொரிச்சா ஓட்டைத் தூர கொண்டுபோயிப் போட்டுடும்" என்றார் பெரியப்பா. "ஒண்ணுமே மிச்சமில்லைன்னா, அது ஏண்டா நம்மளப் பார்த்து இந்தக் கத்துக் கத்தப் போவுது?"

பையன் நாணலை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தான். பிறகு தானாகவே நின்றுவிட்டான்.

"வேணாம் தாத்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான். பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.