ஆள் மாற்றுப் பேரம்

சேப்பாக்கம் மைதானத்தை நேரில் கண்டவர்கள் திருச்சுழியில் சிலரே இருப்பார்கள். ஆயினும் சென்னை கிரிக்கெட் கோஷ்டியில் யார் இருக்கலாம், யார் போகலாம் என்று தீர்ப்புக் கூறாதவர் நம் ஊரில் ஒருவருமில்லை. 2025 நவம்பர் மாதத்தில் குண்டாற்றங்கரை முதல் தேநீர்க்கடை வரை இதே விவகாரந்தான்.

ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்ஸனை வாங்குவதாம்! கணக்கறிந்த இளைஞர்கள் சம்மதித்தார்கள். சாம்ஸனுக்கு வயது 31. ஜடேஜாவுக்கோ 37 நெருங்கியிருந்தது. தோனிக்குப் பின் விக்கெட் காக்க ஆள் வேண்டாமா என்றார்கள். நியாயமான கேள்விதான்.

"அதற்காக, 2023 இறுதிப் பந்தயத்தில் கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டம் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவனையா கொடுப்பது, தம்பி?" என்றார் மிளகாய் வியாபாரி ஒருவர். இளைஞர்கள் தேநீரைக் குடிக்கலானார்கள்.

நமக்கு மாட்டுச் சந்தை ஞாபகம் வந்தது. துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் தரகர்கள் மாட்டின் அபிப்பிராயத்தைக் கேட்பதில்லை. இங்கேயோ ஆட்டக்காரர் சம்மதியாமல் மாற்றம் நடவாது. அந்த மட்டில் மேல். நவம்பர் 15-ஆம் தேதி பேரம் முடிந்தது. ஜடேஜாவின் ஊதியம் 18 கோடி ரூபாயிலிருந்து 14 கோடியாயிற்று. 2008-இல் அவர் முதலில் ஆடியது ராஜஸ்தானுக்குத்தானே, பிறந்தகம் போகிறார் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். நம்மை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எட்டாம் எண் பொறித்த மஞ்சள் சட்டையை இனி என்ன செய்வது என்று அடுத்த வீட்டுப் பையன் கலங்கினான்.

"துணி கெட்டியாயிருக்கிறது, போட்டுக்கொள்" என்றாள் அவன் தாய்.