படமாகாத ஒருவர்

போல் ஷ்ரேடரின் 'மிஷிமா' (1985) படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கரிச்சான் குஞ்சு நினைவு வருகிறது. சம்பந்தம் உண்டா என்றால், இல்லை.

மிஷிமா தன் உடம்பையே பிரசுரம் செய்தவர். தசை வளர்த்தார், புகைப்படங்களுக்கு நின்றார், சினிமாவில் நடித்தார். 1970 நவம்பரில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தது அந்தப் பிரசுரத்தின் கடைசிப் பக்கம். ஆண்கள்மீது அவருக்கிருந்த நாட்டத்தைப் பற்றி மட்டும் படம் மென்று விழுங்குகிறது. 'தடைசெய்யப்பட்ட வண்ணங்கள்' நாவலைப் பயன்படுத்த மனைவி சம்மதிக்கவில்லை. 'கியோகோவின் வீடு' அந்த இடத்துக்கு வந்தது. படம் அன்று ஜப்பானில் வெளியாகவுமில்லை.

கரிச்சான் குஞ்சு (1919–1992) நேர் எதிர். இயற்பெயர் நாராயணசாமி. கு.ப.ரா. 'கரிச்சான்' என்ற பெயரில் எழுதியதால் இவர் குஞ்சு ஆனார். பெயரிலேயே ஒருவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்ட மனிதர். வேதம் படித்தவர், தமிழ் வாத்தியார். அவர் 1978இல் 'பசித்த மானிடம்' எழுதினார்.

அதில் கணேசன் அழகான பையன். மன்னார்குடியில் வசதியுள்ள ஆண்கள் அவனை ஆட்கொள்கிறார்கள். இதைச் சொல்லும் தொனியில் அருவருப்பில்லை, வக்காலத்துமில்லை. பிறகு தொழுநோய். இதைத் தண்டனையாக வாசிக்கிறவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். தண்டனை என்றால் கிட்டாவுக்கு என்ன கணக்கு? பணமும் பெண்களுமாகச் சேர்த்தவனும் பசியோடுதான் நிற்கிறான். நோய் கண்ட உடம்புதான் பசியிலிருந்து கொஞ்சம் நகர்ந்து நின்று பார்க்கிறது. ஆனால் பையனாக இருந்தவனுக்குச் சம்மதம் என்று ஒன்று இருந்திருக்க முடியுமா என்பதை நாவல் அழுத்திக் கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

ஜானகிராமனின் 'மோகமுள்' 1995இல் படமாயிற்று. அதே ஜில்லா, அதே தலைமுறை. சங்கீதமும் காதலும் கேமராவுக்கு வசதி.

கரிச்சான் குஞ்சைப் படமெடுக்க வருகிறவர் ஷ்ரேடர் வழியில்தான் போவார். நாவலையும் வாழ்வையும் மாற்றி மாற்றிக் காட்டி, கணேசன்தான் நாராயணசாமி என்று கண்ணடித்துவிடுவார். மிஷிமா விஷயத்தில் அது நியாயம், அவரே அழைத்தார். இங்கே அழைப்பில்லை. ஒரு வாத்தியாருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்பது திண்ணை வம்பு, விமர்சனமல்ல. ஊர் அறிந்தும் பேசாததை ஒருவர் எழுதினார், அவ்வளவுதான்.

சுதா ஜி. திலக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. இனி யாராவது திரைக்கதையோடு கும்பகோணத்தில் ரயிலிறங்கக் கூடும். கரிச்சான் குஞ்சு தமிழில் தந்த 'த்வன்யாலோக'த்தை அவர் முதலில் தேடிப் படிக்கட்டும்.