உறக்கமும் ஊதியம்தான்

சென்னையில் வாழும் தங்கையின் மகள் விமானியாகப் படித்து முடித்துவிட்டாள். "புதிய மலிவுக் கட்டண விமான சேவையில் வேலை கிடைக்கும் போலிருக்கு, பெரியம்மா" என்றாள் தொலைபேசியில். தங்கை சம்பளத்தைச் சொல்லி மகிழ்ந்தாள். நான் ஓய்வைக் கேட்டேன்.

மடத்துவெளியில் இருந்துகொண்டு எனக்கேன் இந்தக் கவலை? இவர் குறிகட்டுவானில் படகோட்டியவர். நயினாதீவுத் திருவிழாக் காலமொன்றில் இரவு பகலாக ஓடி, சுக்கானைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். படகு மணல்திட்டில் ஏறி நின்றதால் எல்லோரும் தப்பினோம்.

இந்தியாவில் 2022 இல் பறக்கத் தொடங்கிய ஆகாசா எயார், மறுவருடமே முன்னறிவித்தல் காலத்தை முடிக்காமல் விலகிய 43 விமானிகளால் தடுமாறி நீதிமன்றம் சென்றது. விமானிகளின் வாராந்த ஓய்வு 36 மணித்தியாலத்திலிருந்து 48 ஆனது 2025 இல்தான்.

"ஓய்வு எவ்வளவு, விலகினால் கட்டவேண்டியது எவ்வளவு என்று வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, பிள்ளை" என்றேன்.

சம்பளம் கேட்கும் தாய்மாரே, பிள்ளை உறங்கினாளா என்றும் கேளுங்கள்.