மூன்று படிக் கொலு

காவிரியின் கடைமடையில் இருக்கும் பேராவூரணிக்குத் தென்னையே செல்வம். 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் கல்லணைக் கால்வாய் வழியே பாய்ந்த நீர், இவ்வட்டாரத்தில் வயலையும் தோப்பையும் வளர்த்தது. அந்தத் தோப்புகளை நம்பி வாழ்ந்த குடும்பங்களுள் ஒன்று, நீலகண்டப் பிள்ளையாரைத் தரிசிக்காமல் எந்த நற்செயலையும் தொடங்காத ஒரு முதிய தம்பதியின் குடும்பம்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் வீசிய கஜா புயல், அவர்களது தோப்பை ஒரே இரவில் சாய்த்தது. வீட்டு ஓடுகள் பறந்தன. மழைநீர் கூடத்துச் சுவர் வழியே வழிந்து, பரணில் இருந்த கொலுப் பெட்டிகளை நனைத்தது. மண் பொம்மைகள் கரைந்தன. காகிதக்கூழ் பொம்மைகள் ஊறிப் பிளந்தன. அம்மையாரின் மாமியார் காலத்திலிருந்து ஒன்பது படியில் நடந்த கொலுவில், மரப்பாச்சி இணையும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை ஒன்றும், நான்கைந்து சிறு பொம்மைகளுமே மிஞ்சின.

ஓடுகளை மாற்றினார்கள். புதிய தென்னங்கன்றுகளை நட்டார்கள். அவை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். கூடத்தை மட்டும் யாரும் தொடவில்லை. மறு ஆண்டு புரட்டாசி பிறந்ததும், பெரியவர் மெல்லக் கொலுவைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"கறை படிந்த இந்தக் கூடத்துக்கு யாரை அழைக்கச் சொல்கிறீர்கள்? இந்த ஆண்டு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அம்மையார் அடுக்களைக்குள் சென்றுவிட்டார்.

சென்னையிலிருக்கும் மகன் புதிய சோபாவும் சுவருக்கு வண்ணமும் தன் செலவிலேயே செய்து தருவதாகத் தொலைபேசியில் சொன்னான். கன்று வாங்கவும் ஓடு மாற்றவும் பணம் அனுப்பியவன் அவன்தான். மேலும் அவனுக்குச் சுமையேற்றப் பெரியவருக்கு மனம் வரவில்லை. தம் கையிருப்பில் 2,000 ரூபாயை எடுத்து அம்பாள் படத்தின்முன் வைத்தார். "இதற்குள் முடிகிற அளவுக்குச் செய்வோம். முடியாததை அவள் பார்த்துக்கொள்வாள்" என்றார்.

முதல் வேலை பொருள்களை வெளியேற்றுவது. கால் உடைந்த நாற்காலி, பழைய செய்தித்தாள் கட்டுகள், ஓடாத மின்விசிறி எல்லாம் திண்ணைக்குப் போயின. விற்றவற்றில் சிறிது பணமும் வந்தது. கூடம் இவ்வளவு பெரியதா என்று இருவருமே வியந்தனர்.

அடுத்தது சுவர். அது பழைய சுண்ணாம்புச் சுவர், பெயின்ட் ஏறாதது. பெயின்ட் பூசிய சுவரில் சுண்ணாம்பு சரியாகப் பிடிக்காது என்பதால் அது நல்லதாயிற்று. உதிர்ந்த இடங்களைச் சுரண்டி உலரவிட்டார்கள். நீற்றிய சுண்ணாம்பை நீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குச் சிறிது கஞ்சியும் வெண்மைக்குத் துளி நீலமும் கலந்தார்கள். தெருமுனைப் பிள்ளை ஒருவன் கண்ணில் தெறிக்காதபடி பக்குவமாக இரண்டு முறை அடித்துக் கொடுத்தான். தரையை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குக் காவிப் பட்டை தீட்டினான். கோயில் மதிலின் களை கூடத்துக்கு வந்தது.

பிறகு படங்கள். அம்மையாருக்குத் தஞ்சாவூர் ஓவியம் ஒன்றைக் கூடத்தில் மாட்டவேண்டுமென்று நெடுநாள் ஆசை. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் மேடுகட்டி, பொன்தகடு பதித்துச் செய்யும் அந்த ஓவியம் அவர்கள் கைக்கு எட்டும் விலையில் இல்லை. பெரியவர் பெட்டியடியில் சுருட்டி வைத்திருந்த பழைய நாட்காட்டிப் படங்களைப் பிரித்தார். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும் தீட்டிய தெய்வ உருவங்கள், சிவகாசி அச்சகங்களின் வழியே எளியோர் வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் சென்றவை. அவ்வழியில் வந்த மீனாட்சி திருக்கல்யாணக் காட்சி ஒன்று ஈரம் படாமல் தப்பியிருந்தது.

நைந்துபோன படங்களைக் குப்பையில் இட அம்மையார் சம்மதிக்கவில்லை. சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றி வைத்துக்கொண்டு, காகிதத்தை வாளி நீரில் கரைத்து, கொல்லையில் பவழமல்லி வேரில் ஊற்றினார். துடைத்த பழைய சட்டத்தினுள் திருக்கல்யாணக் காட்சி புகுந்தது. சுவர் நிறையப் படங்கள் இருந்த இடத்தில் இப்போது ஒரே படம். வருபவர் கண் நேரே அங்கே சென்றது.

புளியிட்டு விளக்கிய குத்துவிளக்கு மூலையில் நின்றது. விருந்தினர் அமர இரண்டு கோரைப்பாய்கள் வாங்கினார்கள். சாயாமல் நின்ற ஒரே தென்னையிலிருந்து இறக்கிய குருத்தோலையைப் பெரியவரே கீறி, வாசலுக்குத் தோரணம் கட்டினார். வாசலில் தொடங்கிய மாக்கோலம் படியடி வரை நீண்டது. டிரங்குப் பெட்டிகளை அடுக்கி, வெளுத்த வேட்டியை விரித்து, மூன்றே படி. மொத்தச் செலவு 1,850 ரூபாய்.

முதல் நாள் மாலை, அம்மையார் தயங்கித் தயங்கித்தான் நான்கு வீடுகளுக்குக் குங்குமச் சிமிழுடன் சென்று அழைத்தார். விளக்கேற்றும் நேரத்தில் அடுத்த தெருப் பெண்மணி ஒருவர் முந்தானையில் எதையோ மறைத்தபடி வந்தார். சாயம் போன, ஒரு கை உடைந்த கிருஷ்ணர் பொம்மை.

"அக்கா, எங்கள் வீட்டில் மிஞ்சியது இது ஒன்றுதான். ஒற்றைப் பொம்மையை வைத்து எப்படிக் கொலு வைப்பது? இங்கே இருக்கட்டுமே."

அம்மையார் பேசவில்லை. மரப்பாச்சி இணையைச் சற்று நகர்த்தி, நடுப்படியில் இடம் செய்தார். அந்த ஒன்பது நாளில் மேலும் சில வீடுகளிலிருந்து இப்படியே பொம்மைகள் வந்தன. நான்காவது படிக்கு அரிசித் தகரம் ஒன்றும், ஐந்தாவதற்குப் பலகையும் தேடவேண்டியதாயிற்று.

விஜயதசமியன்று வெளுத்த சுவரில் பழைய நீர்க்கறை மங்கலாக மீண்டும் தெரிந்தது. அதை மறைக்க அங்கே ஒரு படம் மாட்டலாமா என்று பெரியவர் கேட்டார். "இருக்கட்டும். பார்த்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லையே" என்று சொல்லி, அம்மையார் அடுத்த சுண்டல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பாயில் அமர்ந்திருந்தவர்களிடம் சென்றார்.

அம்பிகை கொலுவிருக்க அரண்மனை கேட்பதில்லை. துடைத்த தரையும், ஏற்றிய விளக்கும், வந்தவருக்கு நகர்ந்து இடம் தரும் மனமும் இருக்கும் கூடத்தில் அவள் தானே வந்து அமர்கிறாள்.