பதவியை விட்டுப் பள்ளிக்கூடம் வந்தவர்



பாசிக்குடாக் கடலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கரையிலிருந்து வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீரிலேயே நடந்து போகலாம். அலையே இல்லாத அந்தக் குடாவில் குழந்தைகளை இறக்கிவிட்டு, உம்மாமார் பயமில்லாமல் கரையில் உட்கார்ந்திருக்கலாம். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு அங்கே வரிசையாகப் பெரிய ஹோட்டல்கள் எழும்பிவிட்டன. ஆனாலும் பெருநாள் கழிந்த மறுநாள் ஓட்டமாவடியிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் வருகிற எங்கள் சனங்களின் கூட்டம் இன்னும் குறையவில்லை.

இந்தக் கரையோரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். வெளியூரிலிருந்து வரும் சகோதரிகள் என்னிடம், "கிழக்கில் முஸ்லிம் பெண்பிள்ளைகள் இவ்வளவு பேர் பல்கலைக்கழகம் போகிறார்களே, இது எப்படி வந்தது?" என்று கேட்பார்கள். அல்ஹம்துலில்லாஹ், வந்துவிட்டது. ஆனால் அது தானாக வரவில்லை. அதற்காக உழைத்தவர்கள் பலர். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

அதற்கு முன் என் மூத்தம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குர்ஆனைத் தடங்கலின்றி ஓதுவார். அறபு எழுத்தில் தமிழை எழுதிய பழைய கிதாபுகளை, அதுதான் அறபுத்தமிழ், மஃரிபுக்குப் பிறகு பாயில் இருந்து இராகத்தோடு வாசிப்பார். ஆனால் தபால்காரர் கொண்டுவரும் தமிழ்க் கடிதத்தை வாசிக்க அவருக்கு ஆள் தேட வேண்டும். கையெழுத்துக் கேட்டால் பெருவிரல்தான். அந்தக் காலத்து எங்கள் பெண்களை அறிவில்லாதவர்கள் என்று சொல்வோரோடு எனக்கு எப்போதும் சண்டை. அவர்களுக்கு அறிவு இருந்தது, எழுத்தும் இருந்தது. அரசாங்கக் கந்தோரில் செல்லுபடியாகும் எழுத்துத்தான் இருக்கவில்லை.

நான் சொல்ல வந்தவர் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். தகப்பனார் வழக்கறிஞர். முதலில் குர்ஆன் மத்ரஸாவில் ஓதினார். பிறகு வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். ஒரு முஸ்லிம் பிள்ளை ஈமானோடும் தமிழோடும் வளர அன்று அந்த ஊரில் இடமிருந்தது. 1935இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் அவர்தான். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் அந்தப் பதவிக்கு இருந்த மதிப்பை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லி விளங்கவைப்பது கடினம்.

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. பர்மாவும் ஜப்பான் கையில் வீழ்ந்தது. நாடு அதுவரை பர்மா அரிசியை நம்பியிருந்தது. அந்த வரத்து நின்றதும் உள்ளூரில் நெல் விளைவித்தே ஆகவேண்டும் என்ற நிலை. அம்பாறை என்ற தனி மாவட்டம் அப்போது கிடையாது, எல்லாம் மட்டக்களப்புத்தான். இந்த நெல் வேலைக்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார் அஸீஸ்.

வந்தவர் வயலைப் பார்த்தார், வயலில் நின்றவர்களையும் பார்த்தார். எங்கள் மக்கள் உழைப்பில் யாருக்கும் குறைந்தவர்களல்ல. ஆனால் ஒரு விண்ணப்பம் நிரப்ப, ஒரு காணிப் பத்திரம் வாசிக்க அடுத்தவரிடம் போக வேண்டியிருந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு வயலுக்கோ தறிக்கோ போனார்கள். பெண்பிள்ளைகளின் கதையை நீங்களே ஊகித்துக் கொள்ளுங்கள்.

உத்தியோகம் முடிந்து மாற்றலானதும் மறந்துவிடும் அதிகாரிகள்தான் அதிகம். அஸீஸ் மறக்கவில்லை. கல்முனையில் இருந்தபோதே முஸ்லிம் கல்விக்காக ஒரு சங்கத்தை உருவாக்கினார். காரைதீவில் பிறந்து, இராமகிருஷ்ண மிஷன் பள்ளிக்கூடங்களுக்காக உழைத்த சுவாமி விபுலானந்தரோடு அவருக்கு நெருங்கிய நட்பு. காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையோடும் அப்படியே. ஒரு இந்துத் துறவியும் ஒரு முஸ்லிம் அதிகாரியும் ஏழைப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கலந்து பேசிய மண் இது. பின்னாளில் இதே மண்ணில் நடந்தவற்றை நினைக்கும்போது, நான் இதைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன்.

1945இல் அவர் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். படிக்க மூளையிருந்தும் பணமில்லாத பிள்ளைகளுக்குக் கைகொடுப்பதே அதன் வேலை. கல்முனையில் கண்ட நிலைதான் அதற்குத் தூண்டுதல்.

1948இல் அவர் செய்ததைத்தான் என்னால் இன்றும் வியக்காமல் இருக்க முடியவில்லை. டி.பி. ஜாயா அவர்களுக்குப் பிறகு கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு அதிபர் தேவைப்பட்டது. அஸீஸ் சிவில் சேவையை விட்டுவிட்டு அங்கே போனார். மேலே மேலே ஏறக்கூடிய பதவி, வீடு, வாகனம், ஓய்வூதியம் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்திருந்தால் போயிருக்க மாட்டார். அவர் வீட்டிலும் இது பற்றிப் பேச்சு நடந்திருக்கும். கணவர் நல்ல உத்தியோகத்தை விட்டு வாத்தியாராகப் போகிறேன் என்றால் நம்மில் எத்தனை பேர் சரி என்போம், சகோதரிகளே?

1961 வரை அவர் அங்கே அதிபராக இருந்தார். ஸாஹிரா மிகச் சிறந்த கல்லூரிகளில் ஒன்றாகப் பேசப்பட்ட காலம் அது. முஸ்லிம் பிள்ளைகள் மட்டும் அங்கே படிக்கவில்லை. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஸாஹிராவில் படித்து, பின்பு அங்கேயே படிப்பித்தவர். 1952 முதல் செனட் சபையிலும் அஸீஸ் இருந்தார். "இலங்கையில் இஸ்லாம்", "மிஸ்றின் வசியம்" போன்ற நூல்களைத் தமிழில் எழுதினார். 1973இல் வபாத்தானார். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக.

1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. பத்து வருடம் கழித்து, 1990 ஒக்டோபரில், அதே யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் சில மணி நேர அவகாசத்தில் புலிகளால் விரட்டப்பட்டார்கள். அதற்கு முன், ஆகஸ்டில், காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் எங்கள் உறவுகள் கொல்லப்பட்டார்கள். அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடம் எத்தனையோ நாள் பூட்டிக் கிடந்தது. திறந்த அன்று வந்த பிள்ளைகளில் உம்மாமார் விடிய எழும்பித் தலைவாரி அனுப்பிய பெண்பிள்ளைகள்தான் அதிகம். இதை நான் என் கண்ணால் கண்டேன்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மட்டக்களப்புப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ பத்துப் பதினைந்து வருடம் கிடந்து அனுப்புகிற காசெல்லாம் கல்லும் சீமெந்துமாகிறது. இந்த வழக்கத்தை முழுதாகக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. வீடு தன் பெயரில் இருப்பதால் எங்கள் பெண்களுக்கு ஒரு பலம் உண்டு, தலாக் ஆனாலும் தெருவில் நிற்கமாட்டாள். ஆனால் மஹர் கொடுக்க வேண்டிய மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் கட்டடம் கட்டுவது மார்க்கத்தில் எங்கே இருக்கிறது? அந்தச் சுவருக்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது அதைவிடக் கொடுமை.

எங்கள் தெருவில் ஒரு குடும்பத்துக்கு இந்தச் சோதனை வந்தது. மூத்தவளுக்கு உயர்தரத்தில் நல்ல பெறுபேறு. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கிடைத்தது. வாப்பாவிடம் இருந்த காசு வீட்டுக்குக் கூரை போட மட்டும்தான் போதும். "வீடு முடியாமல் யார் கேட்டு வருவான்?" என்றார் மாமி. பிள்ளையின் உம்மா என்னிடம் வந்து, "டீச்சர், நான் என்ன செய்ய?" என்று அழுதார். அஸீஸ் அவர்களின் கதையைத்தான் அன்றிரவு அவருக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "அவர் ஆம்புள, அவருக்கு முடியும்" என்றார். அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த வாரம் அவர் தன் கைவளையல் இரண்டை விற்றுவிட்டு வந்து சொன்னார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். ஸகாத்தை அந்தப் பிள்ளையின் படிப்புக்குக் கொடுக்கலாமா என்று ஊர் உலமாக்களிடம் கேளுங்கள். ஸதகாவுக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை. நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்தால் ஒரு பிள்ளையின் பஸ் காசுக்கும் புத்தகத்துக்கும் காணும். நிதி என்றால் பெரிய மனிதர்கள் மட்டும் தொடங்குவது என்று நினைக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளை இப்போது மூன்றாம் வருடம். திங்கட்கிழமை காலை சுபஹுத் தொழுது, உம்மா கட்டிக் கொடுத்த புட்டுப் பார்சலோடு வாழைச்சேனைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பாள். வீட்டுச் சுவர் இன்னும் யன்னல் மட்டத்தில்தான் நிற்கிறது. மழைக்குப் பாசி பிடித்துவிட்டது. உம்மா அதில் அவரைக்கொடி படரவிட்டிருக்கிறார். போன கிழமை எனக்கும் ஒரு கூடை காய் வந்தது.